பேக்-12 கோச்கள் 2023: யார் நல்லா பண்றாங்க, அதை எதை வச்சு சொல்றோம்?

ரெட்மண்ட்_மழை | 16 அக்டோபர் 2023

சனிக்கிழமை ஹஸ்கி ஸ்டேடியத்துல அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ஆட்டம் பார்த்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீடு வந்து சேர்ந்தேன். வாஷிங்டன் 36, ஓரிகன் 33. எங்க டீம் ஜெயிச்சது. ஆனா ரெண்டு நாளா எங்க பார்த்தாலும் ஒரே பேச்சு: ஓரிகன் கோச் டான் லேனிங் முட்டாள், எங்க கோச் கேலன் டிபோர் மேதை. ரெண்டையுமே என்னால ஏத்துக்க முடியல. அதான் இந்த இழை.

நடந்தது என்னன்னு பாருங்க. லேனிங் மூணு தடவை ஃபோர்த் டவுன்ல துணிஞ்சு போனார், மூணும் போச்சு. முதல் பாதி முடியும்போது கோல் லைன் பக்கத்துல ஒண்ணு. மூணாவது குவார்ட்டர்ல ஃபீல்ட் கோல் அடிக்கிற தூரத்துல ஒண்ணு. கடைசியா, 33-29ன்னு முன்னாடி இருக்கும்போது, 2 நிமிஷம் 11 செகண்ட் மிச்சம், எங்க 47 யார்டு லைன்ல, 3 யார்டு தேவை. பன்ட் அடிக்கல, போனார், கிடைக்கல. எங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறியறவர்) மைக்கேல் பெனிக்ஸ் ரெண்டே பிளேல ரோம் ஒடூன்ஸேக்கு டச்டவுன் போட்டுட்டார். அதுக்கப்புறமும் ஓரிகனுக்கு 43 யார்டு ஃபீல்ட் கோல் வாய்ப்பு இருந்தது. கேம்டன் லூயிஸ் உதைச்சது வெளியே போச்சு. அது உள்ள போய் ஓவர்டைம்ல ஓரிகன் ஜெயிச்சிருந்தா இதே லேனிங்கை "தைரியசாலி"ன்னு எழுதியிருப்பாங்க.

பெனிக்ஸ் அன்னைக்கு ஆடின ஆட்டத்துக்கு, பன்ட் அடிச்சு அவர்கிட்ட ரெண்டு நிமிஷத்தையும் பந்தையும் கொடுக்கிறது பாதுகாப்பா? எனக்கு அப்படித் தெரியல. அந்த 3 யார்டு கிடைச்சா ஆட்டம் அங்கயே முடிஞ்சது. அந்த இடத்துல நின்னு பார்த்தா அது ஒரு நியாயமான முடிவு.

நான் கோச்களை எடைபோடுற விதம் இதுதான். கைக்கு என்ன கொடுத்தாங்க, அதை வச்சு என்ன பண்ணினார், முடிவு எடுத்த அந்த நொடியில அவருக்குத் தெரிஞ்சது என்ன. ஸ்கோர்போர்டு இந்த மூணுக்கும் அப்புறம்தான். பேக்-12 கான்ஃபரன்ஸ்ல (காலேஜ் டீம்களோட லீக்) இருக்கிற 12 டீம்லயும் இப்படிப் பார்க்கலாம், வாங்க. இந்த 12 டீமும் ஒண்ணா ஆடற கடைசி சீசன் வேற இது. அடுத்த வருஷம் ஆளுக்கொரு திசையில போயிடுவாங்க. ஒரே மேசையில வச்சு ஒப்பிட இதுதான் கடைசி வாய்ப்பு.

பச்சை_வாத்து | 16 அக்டோபர் 2023

அக்கா, ஜெயிச்ச டீம் ரசிகையா இருந்து எங்க கோச்சுக்குப் பரிஞ்சு பேசுறீங்க, அதுக்கு நன்றி. ஆனா ஹில்ஸ்பரோவுல ஒரு வீட்டுல 12 பேர் உட்கார்ந்து பார்த்தோம், கடைசியில ஒருத்தரும் பேசல. அந்த வலி உங்களுக்கு இல்ல.

கடைசி ஃபோர்த் டவுனை நானும் மன்னிச்சுடுவேன். முதல் பாதிக் கடைசியில போனதைத்தான் மன்னிக்க முடியல. கையில இருந்த 3 புள்ளி அது. ஆட்டம் எத்தனை புள்ளியில போச்சு? அதே 3 புள்ளி.

போன வருஷத்தையும் மறக்காதீங்க. 2022 நவம்பர் 12, யூஜீன். 34-34 சமநிலை, ஒன்றரை நிமிஷம் கூட மிச்சமில்ல. எங்க சொந்த 34 யார்டு லைன்ல, ஃபோர்த் அண்ட் ஒன் (நாலாவது முயற்சி, 1 யார்டு தேவை). எங்க குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் அடிபட்டு வெளிய நின்ன நேரம். அந்த நேரத்துல போனார். ஓடினவர் வழுக்கி விழுந்தார். நீங்க ஃபீல்ட் கோல் அடிச்சு 37-34ன்னு ஜெயிச்சீங்க. ஒரே ஆள், ஒரே எதிரி, ஒரே தப்பு, ரெண்டு வருஷம். இதை எப்படி "நியாயமான முடிவு"ன்னு சொல்றது?

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். ஆட்டம் முடிஞ்சதும் பழியைத் தன் மேலேயே போட்டுக்கிட்டார். உதைச்ச பையனைக் காட்டிக் கொடுக்கல. அது பெரிய மனுஷத்தனம்.

ரெட்மண்ட்_மழை | 16 அக்டோபர் 2023

போ நிக்ஸ் வெளிய நின்னது நல்ல பாயிண்ட் தம்பி. "எடுத்த நொடியில தெரிஞ்சது"ன்னு நான் சொன்னதுலயே அது வரும். முதல் குவார்ட்டர்பேக் இல்லாம சொந்தப் பக்கத்துல துணியறது வேற கணக்கு. 2022 முடிவை நான் தப்புன்னே வச்சுக்கிறேன். 2023 முடிவைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க.

புதுசா_பார்க்கிறேன் | 17 அக்டோபர் 2023

குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். போன வருஷம்தான் இங்க வந்தேன், ஆபீஸ்ல எல்லாரும் இதையே பேசுறாங்க. ஃபோர்த் டவுன்ல "போறது"ன்னா என்ன?

கார்வாலிஸ்_அப்பா | 17 அக்டோபர் 2023

தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். 10 யார்டு முன்னேற ஒரு அணிக்கு நான்கு முயற்சிகள். மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் மூன்று வழிகள் உண்டு. பந்தைத் தூரமாக உதைத்து எதிரியைப் பின்னுக்குத் தள்ளலாம், அது பன்ட். கம்பம் பக்கத்தில் இருந்தால் ஃபீல்ட் கோல் உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று மிச்ச தூரத்தைக் கடக்க முயல்வதுதான் "போவது". கடக்க முடியாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரியின் கைக்குப் போய்விடும். அதனால்தான் இவ்வளவு சண்டை. ஒரு தலைமைப் பயிற்சியாளர் முழுக்க முழுக்கத் தன் பொறுப்பில் எடுக்கும் முடிவு அது.

போல்டர்_மலை | 17 அக்டோபர் 2023

இங்க யாரும் எங்க வெள்ளிக்கிழமை ராத்திரியைப் பத்திப் பேசலையேன்னு நினைச்சேன். நானே பேசறேன்.

கொலராடோ 29, ஸ்டான்ஃபர்ட் 0. இது அரைநேர ஸ்கோர். முடிஞ்சப்போ ஸ்டான்ஃபர்ட் 46, கொலராடோ 43, ரெண்டு ஓவர்டைம். எலிக் அயோமனோர்னு ஒரு பையன் 294 யார்டு பிடிச்சான். நான் ஃபோல்சம் ஃபீல்ட்ல குளிர்ல உட்கார்ந்து பார்த்தேன்.

இருந்தாலும் எங்க கோச் டியான் சாண்டர்ஸை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். போன வருஷம் இந்த டீம் 1-11 (ஒரு வெற்றி, 11 தோல்வி). அவர் வந்து கிட்டத்தட்ட மொத்த டீமையும் மாத்தினார், 80க்கும் மேல புது ஆளுங்க. டிசியூவை 45-42ன்னு அவங்க ஊர்லயே அடிச்சார். நெப்ராஸ்காவை 36-14. இப்போ 4-3. ஜூலையில ஊடகக்காரங்க எங்களை 11ஆவது இடத்துல போட்டாங்க. வீடு முழுக்க ஆள் வந்து உட்காருது, ஒவ்வொரு ஆட்டமும் ஹவுஸ்ஃபுல். நேத்துவரை ஊரே மறந்துபோன டீமுக்கு இதைச் செஞ்சவர் நல்ல கோச் இல்லையா?

பாலோஆல்டோ_ஓரம் | 17 அக்டோபர் 2023

அதே ஆட்டத்தை இந்தப் பக்கத்துல இருந்து பாருங்க. டிராய் டெய்லருக்கு இது ஸ்டான்ஃபர்ட்ல முதல் வருஷம். முந்தைய கோச் டேவிட் ஷா போனப்புறம் மிச்சம் இருந்தது ரொம்பக் கொஞ்சம். கொலராடோ மாதிரி போர்ட்டல்ல (காலேஜ் மாற விரும்பற ஆட்டக்காரங்க பட்டியல்) இருந்து 80 பேரை அள்ளிட்டு வர இங்க முடியாது, படிப்புக்கான அட்மிஷன் வாசல் அவ்வளவு குறுகலானது. செப்டம்பர்ல அவரோட பழைய காலேஜ் சாக்ரமென்டோ ஸ்டேட்கிட்டயே 30-23ன்னு தோத்தார். அன்னைக்கு எல்லாரும் அவரைக் கிழிச்சாங்க. அதே ஆளுதான் 29-0ல இருந்து டீமை எழுப்பினது.

போல்டர் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. 29 புள்ளி முன்னாடி இருக்கிற டீம் ரெண்டாவது பாதியில என்ன செய்யணும்? பந்தைக் கையில வச்சு ஓடணும், கடிகாரத்தைக் கரைக்கணும். கொலராடோவால ஓட முடியல. ஏன்னா லைன் இல்ல. 80 பேரைக் கொண்டு வந்தவர் குவார்ட்டர்பேக்கைக் காக்கிற அஞ்சு பேரைச் சரியா கொண்டு வரல. அவர் விரும்பிக் கட்டின டீம்தானே இது? "கையில கொடுத்தது"ன்னு இதுல எதையும் சொல்ல முடியாது.

போல்டர்_மலை | 18 அக்டோபர் 2023

வலிக்குது, ஆனா மறுக்க முடியல. எங்க குவார்ட்டர்பேக் ஷெடியூர் ஒவ்வொரு ஆட்டத்துலயும் தரையில கிடக்கிறதைப் பார்க்கிறவன் நான்.

டூசான்_கள்ளி | 22 அக்டோபர் 2023

எங்க அரிசோனா டீம் இந்த வாரம் ஆடல, அதனால நிதானமா எழுதறேன். எங்க கோச் ஜெட் ஃபிஷ் பேரை இன்னும் யாருமே சொல்லலையே!

2021ல வந்தார், 1-11. 2022ல 5-7. இந்த வருஷம் வாஷிங்டன்கிட்ட 31-24ன்னு தோத்தோம், யூஎஸ்சிகிட்ட மூணு ஓவர்டைம் போய் 43-41ன்னு தோத்தோம். போன வாரம் வாஷிங்டன் ஸ்டேட்டை அவங்க ஊர்லயே 44-6. எங்களை முன்கணிப்புல 8ஆவது போட்டிருந்தாங்க.

எனக்குப் பிடிச்ச முடிவு இது: குவார்ட்டர்பேக் ஜேடன் டி லாரா அடிபட்டார், நோவா ஃபிஃபிடா உள்ள வந்தான். வயசு குறைவு, உயரமும் கம்மி. ஆனா பந்து கையில இருந்து பட்டுனு போயிடுது. அவனும் பந்தைப் பிடிக்கிற டெட்டைரோவா மெக்மிலனும் அனஹைம்ல ஒரே பள்ளிக்கூடத்துல ஆடினவங்க, கண்ணை மூடிட்டே ஒருத்தனுக்கு இன்னொருத்தன் எங்க நிப்பான்னு தெரியும். டி லாரா தேறினப்புறம் பழைய ஆளையே திருப்பிப் போடறது எந்தக் கோச்சுக்கும் சுலபம், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஃபிஷ் சின்னப் பையனையே வச்சார். இந்த முடிவு டிவியில பெருசா வராது. சீசனைத் திருப்பறது இதுதான்.

ரெட்மண்ட்_மழை | 22 அக்டோபர் 2023

ஃபிஷ்ஷைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. வாஷிங்டன் 15, அரிசோனா ஸ்டேட் 7. நாங்க அட்டாக்ல ஒரு டச்டவுன்கூட போடல! மிஷேல் பவல் 89 யார்டு இன்டர்செப்ஷன் ஓடலைன்னா தோத்திருப்போம். ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்ச டீமோட கோச் கென்னி டில்லிங்ஹாம் எங்க அட்டாக்கை மூடிவச்சார். இன்னைக்கு நான் "யார் நல்ல கோச்"னு ஓட்டுப் போட்டா, நேத்து தோத்தவருக்குத்தான் போடுவேன்.

இன்னொருத்தர் யூட்டாவோட கைல் விட்டிங்ஹாம். முதல் குவார்ட்டர்பேக் கேம் ரைசிங் முட்டி அடிபட்டு இன்னும் ஒரு பிளேகூட ஆடல. ஸ்காலர்ஷிப் இல்லாம சேர்ந்த பிரைசன் பார்ன்ஸ் குவார்ட்டர்பேக். ரன்னிங் பேக் பத்தலைன்னு டிஃபென்ஸ்ல சேஃப்டியா இருக்கிற சியோன் வாக்கியை இந்தப் பக்கம் கொண்டு வந்து ஓட வைக்கிறார். நேத்து யூஎஸ்சியை அவங்க கொலிசியத்துலயே கடைசி உதையில 34-32. கைல இருக்கிற ரெண்டு பாத்திரத்துல விருந்து சமைக்கிற மனுஷன்.

டிரோஜன்_ரசிகன் | 5 நவம்பர் 2023

இன்னைக்கு எங்க யூஎஸ்சி டிஃபென்ஸ் கோச் அலெக்ஸ் கிரிஞ்சை அனுப்பிட்டாங்க. நேத்து உங்க வாஷிங்டன் 52 போட்டதுக்கு அப்புறம் வேற வழியில்ல.

ஆனா என் கோபம் கிரிஞ்ச் மேல இல்ல. ஹெட் கோச் லிங்கன் ரைலி அவரை ஓக்லஹோமாவுல இருந்து கூடவே கூட்டிட்டு வந்தார். போன சீசன் காட்டன் பவுல்ல துலேன்கிட்ட 15 புள்ளி முன்னிலையைக் கடைசி சில நிமிஷத்துல விட்டு 46-45ன்னு தோத்தோம். அப்பவே தெரிஞ்சது டிஃபென்ஸ் இல்லைன்னு. மாத்தினாரா? இல்ல. கேலிப் வில்லியம்ஸ் மாதிரி ஹைஸ்மன் (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கின குவார்ட்டர்பேக் ஒரு காலேஜுக்கு எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை கிடைப்பான்? கான்ஃபரன்ஸ்ல முதல் இடம்னு முன்கணிப்பு. 6-0ன்னு தொடங்கினோம். நோட்ர டேம் 48-20, யூட்டா, இப்போ இது. நடுவுல கால்ஃபோர்னியாவை 50-49ன்னு தப்பிச்சோம், அதுவும் அவங்க கோச் ஜஸ்டின் வில்காக்ஸ் கடைசி நிமிஷத்துல ரெண்டு புள்ளிக்குத் துணிஞ்சு அது போனதால.

ஹெட் கோச்னா மொத்த வீட்டுக்கும் பொறுப்பு. "நான் அட்டாக்கைப் பார்த்துக்கறேன், அந்தப் பக்கம் அவன் வேலை"ன்னு சொல்ல முடியாது. கூரை ஒழுகுதுன்னு தெரிஞ்சே ஒரு மழைக்காலம் பார்த்தாச்சு, அடுத்த மழைக்கும் அதே கொத்தனாரை வச்சா தப்பு கொத்தனார்து மட்டுமா? என் கணக்குல, கையில கொடுத்ததையும் வெளிய வந்ததையும் பார்த்தா இந்த வருஷம் 12 பேர்ல கடைசி ரைலி.

பச்சை_வாத்து | 5 நவம்பர் 2023

இதுல நான் முழுசா உங்க பக்கம். பாலோஆல்டோ அண்ணாகிட்ட ஒண்ணு கேக்கணும், வில்காக்ஸ் அந்த ரெண்டு புள்ளிக்குப் போனது சரியா?

பாலோஆல்டோ_ஓரம் | 5 நவம்பர் 2023

சரி. அவரோட டிஃபென்ஸ் களைச்சுப்போச்சு, 14 புள்ளி முன்னிலை ஏற்கெனவே கரைஞ்சாச்சு. ஓவர்டைம்ல கேலிப்போட மாறி மாறி ஆடறதைவிட ஒரே பிளேல முடிக்கப் பார்த்தது நல்ல முடிவு. தோத்த கோச் எடுத்த நல்ல முடிவுன்னு ஒரு பட்டியல் போட்டா அதுல முதல்ல இதை வைப்பேன்.

போல்டர்_மலை | 6 நவம்பர் 2023

எங்க வீட்டுச் சேதியும் அதே ரகம்தான். அட்டாக் கோச் ஷான் லூயிஸ்கிட்ட இருந்து பிளே சொல்ற வேலையைப் பிடுங்கி பேட் ஷர்மர்கிட்ட கொடுத்தார் சாண்டர்ஸ். ஓரிகன் ஸ்டேட்கிட்ட 26-19 தோல்வி. லூயிஸ் கென்ட் ஸ்டேட்ல ஹெட் கோச் வேலையை விட்டுட்டு இவரை நம்பி வந்தவர். லைன் தாங்காதப்போ எந்தப் பிளேயைச் சொன்னா என்ன? நான் அக்டோபர்ல சாண்டர்ஸை எந்த இடத்துல வச்சிருந்தேனோ அங்க இன்னைக்கு வைக்க முடியல. ஆனா 1-11ல இருந்து பார்த்தவனா சொல்றேன், இன்னும் நம்பிக்கை போகல. அந்தப் பசங்க கடைசிவரை விட்டுக்கொடுக்கல.

சாண்ட்லர்_வெயில் | 12 நவம்பர் 2023

அரிசோனா ஸ்டேட் 17, யூசிஎல்ஏ 7. ரோஸ் பவுல்ல!

இதை எழுதும்போது கை நடுங்குது. டில்லிங்ஹாமுக்கு 33 வயசு, இதே காலேஜ்ல படிச்ச பையன். சீசன் தொடங்க நாலு நாள் இருக்கும்போது இந்த வருஷம் பவுல் கேம் (சீசன் முடிஞ்சு நல்லா ஆடின டீம்களுக்குக் கிடைக்கிற ஆட்டம்) கிடையாதுன்னு காலேஜே தனக்குத் தண்டனை போட்டுக்கிச்சு, முந்தைய ஆளுங்க காலத்து விதிமீறலுக்காக. ஜெயிச்சாலும் எங்கயும் போக முடியாது. மூணு குவார்ட்டர்பேக் அடிபட்டாங்க. லைன்ல பாதி ஆள் இல்ல. ஃப்ரெஸ்னோ ஸ்டேட்கிட்ட 29-0ன்னு தோத்த டீம் இது.

நேத்து என்ன பண்ணினார் தெரியுமா? டைட் எண்டா இருக்கிற ஜேலின் கான்யர்ஸை குவார்ட்டர்பேக் மாதிரி நேரா ஸ்நாப் (பிளே தொடங்கற பந்து) வாங்க வச்சார். லைனை ஒரு ஓரமா நிறுத்தி, பந்து எங்க போகுதுன்னே தெரியாத வரிசைகள். கேம் ஸ்காட்டெபோ ஓடறான், பந்தை எறியறான், தேவைப்பட்டா பன்ட் கூட அடிக்கிறான். எதிர்ப்பக்கம் சிப் கெல்லி, இந்த விளையாட்டோட அட்டாக்கையே ஒரு காலத்துல மாத்தி எழுதினவர். லையாட்டு லாட்டு இருக்கிற டிஃபென்ஸ் வேற. அவங்க 7 புள்ளி போட்டாங்க.

இந்த இழையில வேற யாரும் இவரைப் பெருசா வைக்க மாட்டீங்கன்னு தெரியும், 3 வெற்றிதான். ஆனா அக்கா சொன்ன மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்க.

பாலோஆல்டோ_ஓரம் | 12 நவம்பர் 2023

ஸ்காட்டெபோ சாக்ரமென்டோ ஸ்டேட்ல டிராய் டெய்லர்கிட்ட ஆடினவன். அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் டெய்லருக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப்பேன்.

டில்லிங்ஹாமை மதிக்கிறேன், ஆனா தம்பி, 3 வெற்றி 3 வெற்றிதான். நல்ல மனசு, நல்ல தந்திரம், எல்லாம் சரி. என் வரிசையில அவர் 11. அடுத்த வருஷம் ஜெயிக்கட்டும், மேல ஏத்தறேன்.

கார்வாலிஸ்_அப்பா | 26 நவம்பர் 2023

என் மகள் ஓரிகன் ஸ்டேட்டில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நேற்று மாலை அவள் அழுதபடி போனில் பேசினாள். அவர்களின் தலைமைப் பயிற்சியாளர் ஜோனதன் ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஓரிகனிடம் 31-7 தோல்வி. சனிக்கிழமை அவர் இல்லை.

இவர் வெளியாள் அல்ல. 2000ஆம் ஆண்டு 11-1 என்று முடித்து ஃபியஸ்டா பவுலில் நோட்ர டேமை 41-9 என்று வீழ்த்திய அணியின் குவார்ட்டர்பேக். 2018இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது 2-10. போன ஆண்டு 10-3. ஊர் அவரைத் தன் பிள்ளையாகத்தான் பார்த்தது. பத்துப் பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸை விட்டுக் கிளம்பி, எங்களையும் வாஷிங்டன் ஸ்டேட்டையும் மட்டும் நடுத்தெருவில் நிறுத்திய ஆண்டில், அவரும் போனார்.

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்தால், தொலைக்காட்சிப் பணத்துக்காக முதலில் கிளம்பியவர்கள் பல்கலைக்கழகத் தலைவர்கள். அடுத்த ஆண்டு எந்த அட்டவணையில் ஆடப் போகிறோம் என்றே தெரியாத இடத்தில் குடும்பத்தோடு இருக்கிற ஒருவரிடம் "நீ மட்டும் நில்" என்று எப்படிச் சொல்வது? பயிற்சியாளராக என் மதிப்பில் அவர் குறையவில்லை. வாஷிங்டனிடம் 22-20 என்று இரண்டே புள்ளியில் தோற்ற அணி இது. போன விதம்தான் ஆறவில்லை. புல்மன் நகரில் வாஷிங்டன் ஸ்டேட் பயிற்சியாளர் ஜேக் டிக்கர்ட் இன்னும் இருக்கிறார், அதே நிலைமையில். 4-0 என்று தொடங்கி 5-7 என்று முடிந்தது, என்றாலும் இருக்கிறார். அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ரெட்மண்ட்_மழை | 26 நவம்பர் 2023

அண்ணா, மகள்கிட்ட நாங்க எல்லாரும் விசாரிச்சோம்னு சொல்லுங்க.

டிக்கர்ட் பேச்சு வந்ததால நேத்து எங்களுக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் நடந்த ஆப்பிள் கப்பைச் சொல்லியே ஆகணும். இந்த இழையைத் தொடங்கினப்போ இப்படி ஒண்ணு நடக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

21-21 சமநிலை. ஒரு நிமிஷத்துக்குச் சொச்சம் மிச்சம். வாஷிங்டன் பந்து, எங்க சொந்த 29 யார்டு லைன். ஃபோர்த் அண்ட் ஒன். எல்லா கோச்சும் பன்ட் அடிக்கிற இடம். டிபோர் போனார். அதுவும் நடுவுல முட்டி மோதி இல்ல, ஒடூன்ஸே ஓரமா சுத்தி வந்து பந்தை வாங்கி 23 யார்டு ஓடினார். கிரேடி கிராஸ் கடைசி நொடியில உதைச்சார், 24-21. லாக்கர் ரூம்ல அந்தப் பையனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தப்போ எல்லாரும் அவனைத் தூக்கிட்டாங்க.

இப்போ பச்சை வாத்து தம்பி 2022 பத்தி எழுதினதைத் திரும்பப் படிங்க. சமநிலை. ஒன்றரை நிமிஷத்துக்குள்ள. சொந்த 34. ஃபோர்த் அண்ட் ஒன். லேனிங் போனார், ஒருத்தர் வழுக்கி விழுந்தார், முட்டாள். டிபோர் அதைவிட 5 யார்டு பின்னாடி நின்னு போனார், ஒருத்தர் ஓடினார், மேதை. வித்தியாசம் என்ன? டிபோருக்குப் பெனிக்ஸ் களத்துல இருந்தார். எதிரி எதிர்பார்க்காத பிளே ஒண்ணை அந்த இடத்துக்குன்னே வச்சிருந்தார். இந்த ரெண்டுக்காக நான் டிபோருக்குக் கூட மார்க் போடுவேன். 23 யார்டு ஓடினதுக்காக இல்ல.

பச்சை_வாத்து | 26 நவம்பர் 2023

படிச்சேன் அக்கா. அந்த ஸ்நாப்பைப் பார்க்கும்போது எனக்கு யூஜீன்தான் ஞாபகம் வந்தது. எங்க பையன் வழுக்காம இருந்திருந்தா, அவ்வளவுதான்.

ரெட்மண்ட்_மழை | 2 டிசம்பர் 2023

லாஸ் வேகஸ். வாஷிங்டன் 34, ஓரிகன் 31. பந்தயக்காரங்க எல்லாரும் ஓரிகன்தான்னு அடிச்சுச் சொன்னாங்க. 13-0.

மூணு ஆட்டம்: 37-34, 36-33, 34-31. மூணுமே 3 புள்ளி. ஒரே எதிரியை மூணு தடவை மூணு புள்ளியில ஜெயிக்கிறது வெறும் அதிர்ஷ்டம்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்லணும். ஒடூன்ஸே, போல்க், ஜேலன் மெக்மிலன் மூணு ரிசீவருமே முந்தைய கோச் ஜிம்மி லேக் காலத்துலயே இங்க இருந்தவங்க. "டிபோருக்கு எல்லாம் ரெடியா கிடைச்சது"ன்னு சிலர் சொல்றாங்க. அதே பசங்களை வச்சு 2021ல இந்த டீம் 4-8! இண்டியானாவுல திரும்பத் திரும்ப அடிபட்டு நின்ன பெனிக்ஸை, அங்க 2019ல அட்டாக்கைப் பார்த்துக்கிட்ட பழக்கத்துல நம்பிக் கூட்டிட்டு வந்தவர் டிபோர். சூ ஃபால்ஸ்னு ஒரு சின்னக் காலேஜ்ல 67 வெற்றி, 3 தோல்வின்னு வேலை கத்துக்கிட்டவர். நெருக்கமான ஆட்டத்துல பதறாத டீம் தானா அமையாது, பயிற்சிக் களத்துல தினமும் கட்டறது அது.

இருந்தாலும் இந்த வருஷத்துக்கு என் முதல் இடம் ஜெட் ஃபிஷ். கொடுத்ததுக்கும் கொண்டு வந்ததுக்கும் இடையில இவ்வளவு தூரம் வேற யாரும் நடக்கல. 8ஆவதுன்னு போட்ட டீம் கான்ஃபரன்ஸ்ல மூணாவது, கடைசியா தொடர்ந்து ஆறு வெற்றி. அடுத்து டிபோர். அப்புறம் விட்டிங்ஹாம். லேனிங் நாலாவது, அதுவும் ஒரு மயிரிழையில. டில்லிங்ஹாமை நடுவுல வைக்கிறேன், சாண்ட்லர் தம்பி, அதுக்கு மேல எனக்குத் தைரியம் வரல. ரைலி கடைசி. அவருக்கு மேல சிப் கெல்லி: யூஎஸ்சியை 38-20ன்னு அடிச்ச அடுத்த வாரமே கால்ஃபோர்னியாகிட்ட 33-7ன்னு நிக்கிறதை என்னன்னு சொல்றது?

டூசான்_கள்ளி | 14 ஜனவரி 2024

அலமோ பவுல்ல ஓக்லஹோமாவை 38-24ன்னு அடிச்சு 10-3ன்னு முடிச்சோம். நேத்துவரை அதுலயே மிதந்துட்டு இருந்தேன்.

அலபாமா கோச் நிக் சேபன் ஓய்வு, அவர் இடத்துக்கு டிபோர், இன்னைக்கு ஃபிஷ் வாஷிங்டன். அக்கா, உங்க முதல் இடத்தை உங்க டீமே தூக்கிட்டுப் போயிடுச்சு. உங்க மேல கோபம் இல்ல. ஃபிஃபிடாவும் மெக்மிலனும் என்ன பண்ணப் போறாங்கன்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்குது.

ரெட்மண்ட்_மழை | 14 ஜனவரி 2024

எனக்கும் சந்தோஷம் வரல தம்பி. ஹூஸ்டன்ல தேசிய இறுதி ஆட்டத்துல மிச்சிகன்கிட்ட 34-13ன்னு தோத்து ஒரு வாரம்கூட ஆகல. கார்வாலிஸ் அண்ணா நவம்பர்ல எழுதினது எனக்கு இப்பதான் முழுசா புரியுது.

சாண்ட்லர்_வெயில் | 8 டிசம்பர் 2024

பழைய இழையைத் தேடி எடுத்துட்டேன். இங்கதான் எழுதணும்னு ஒரு வருஷமா காத்திருந்தேன்.

எங்க புது கான்ஃபரன்ஸ் பிக்-12ல சாம்பியன் அரிசோனா ஸ்டேட்! நேத்து ஆர்லிங்டன்ல அயோவா ஸ்டேட்டை 45-19. ஜூலையில 16 டீம்ல 16ஆவதுன்னு போட்டாங்க. அதே கோச். பந்து எறிஞ்சு, ஓடி, பன்ட் அடிச்ச அதே ஸ்காட்டெபோ. 11-2, பிளேஆஃப்ல இடம்.

பாலோஆல்டோ அண்ணா, 11ன்னு எழுதியிருந்தீங்க.

பாலோஆல்டோ_ஓரம் | 8 டிசம்பர் 2024

எழுதினேன். தப்பு. ரோஸ் பவுல்ல அன்னைக்கு நடந்ததை நீங்க பார்த்தீங்க, நான் ரெக்கார்டை மட்டும் பார்த்தேன். வாழ்த்துகள் தம்பி, மனசாரச் சொல்றேன்.

டூசான்_கள்ளி | 8 டிசம்பர் 2024

எங்க பக்கம் 4-8. ஃபிஃபிடாவும் மெக்மிலனும் போகாம நின்னாங்க, அப்படியும் இதுதான். அதே பசங்க, வேற கோச். ஃபிஷ்ஷோட மதிப்பு அவர் போனப்புறம்தான் எங்களுக்கு முழுசா தெரிஞ்சது. வாழ்த்துகள், பக்கத்து ஊர்க்காரரே. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும்.

பச்சை_வாத்து | 8 டிசம்பர் 2024

நேத்து பென் ஸ்டேட்டை 45-37ன்னு அடிச்சு எங்க புது கான்ஃபரன்ஸ் பிக் டென்ல நாங்களும் சாம்பியன். 13-0. லேனிங் மாறல அக்கா, இன்னும் ஃபோர்த் டவுன்ல போயிட்டுத்தான் இருக்கார். இப்போ அவரை முட்டாள்னு சொல்ல இங்க ஆளில்ல. 2022 முடிவை மட்டும் நான் இன்னும் தப்புன்னுதான் சொல்வேன்.

ரெட்மண்ட்_மழை | 8 டிசம்பர் 2024

அதை நானும் தப்புன்னுதான் சொன்னேன் தம்பி, அதுல மாற்றமில்ல. நாங்க இங்க 6-6. ஃபிஷ்ஷுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்க்கறேன். டூசான்ல முதல் வருஷம் அவருக்கு 1-11.

சாண்ட்லர் தம்பி, டில்லிங்ஹாமை நடுவுல வச்சது நான். 15-7 ஆட்டத்தை நேர்ல பார்த்துட்டு, தோத்தவருக்குத்தான் ஓட்டுன்னு எழுதிட்டு, ஆறே வாரத்துல பின்வாங்கினேன். நான் கேட்ட மூணு கேள்விக்கும் அன்னைக்கே பதில் இருந்தது.

சாண்ட்லர்_வெயில் | 8 டிசம்பர் 2024

அக்கா, ஜனவரி 1 அட்லாண்டாவுல பீச் பவுல். அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். இந்தப் பக்கம் யார் இருந்தாலும் வாங்க. டூசான் தம்பி, நீங்களும் கண்டிப்பா வரணும், உங்க சிவப்புச் சட்டையிலயே வாங்க.